இடது, வலது, நடு

நேற்று நீதிமன்றத்திலிருந்து திரும்பும் வழியில், கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை ஒன்றைக் கடந்தேன். உள்ளே யாரோ கம்பிக்கு ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையின் வாசனை பட்டதும், மைசூர் குவெம்புநகரில் உங்கள் வீட்டின் முன் நின்ற வெள்ளை மாருதியும், அதன் இருக்கைக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்த நீங்களும் நினைவுக்கு வந்தீர்கள். நீங்கள் மறைந்த பின் அந்தக் காரில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. முதலில் உங்களிடம் சொல்வதே முறை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதவுக்குள் ஒரு பெரிய ஸ்பீக்கர், முன்கண்ணாடி ஓரத்தில் கீச்சொலிக்கென ஒரு சின்ன ட்வீட்டர் என்று பிரித்துப் பொருத்தும் ஜோடியை வாங்கியிருந்தீர்கள். அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயர் தேட என்னையும் அழைத்துச் சென்றீர்கள். கடைக்காரர் நீட்டிய பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பெரிய வாட் கணக்கு இருந்தது. ஆவணத்தின் கடைசி வரியை முதலில் படிக்கும் பழக்கத்தால், நான் அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தேன். மேலே இருந்தது ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து தரக்கூடியது அதில் கால் பங்குகூட இல்லை.

"மேல போட்டிருக்கறது வக்கீலு வாதமுங்க. நின்னு குடுக்கறதுதான் சாட்சி" என்று சிரித்தீர்கள்.

தொழிற்சாலையில் மின்பிரிவைக் கவனித்தவர் நீங்கள், எண்களுக்கு மயங்கவில்லை. ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் வாட்டைவிடச் சற்றே கூடுதலாகத் தரும் ஆம்ப்ளிஃபயரைக் கேட்டு வாங்கினீர்கள். சக்தி குறைந்ததை வாங்கி முழுக்கத் திருகினால் ஒலி உடைந்து ட்வீட்டர்தான் முதலில் கருகும் என்றீர்கள். "முடியாதவன் கத்துனாத் தொண்ட கிழியுமுங்க. முடியறவன் மெல்லப் பேசிட்டுப் போயிருவான்."

கறுப்புக் கம்பி இரண்டில் ஒன்றின்மேல் வெள்ளைக் கோடு ஓடியது. கோடு போட்டதை மைனஸில் இணைப்பதே கடைகளின் வழக்கம். நீங்கள் பிளஸில் இணைத்தீர்கள். காரணம் கேட்டேன். மேல்கோட்டை வைணவ வழிவந்த என் நெற்றியை ஒருமுறை பார்த்தீர்கள்.

"நாமம் போட்டவரு மைனஸ் ஆகலாமுங்களா? பிளஸ்லயே இருக்கட்டும்."

"பரிகாசம் போறும். வேலையைப் பாருங்கோ" என்றேன்.

கம்பியின் இரு முனையிலும் அதே முறையைக் கடைப்பிடித்தால் பிழையேதும் இல்லை என்று பிறகு விளக்கினீர்கள். நாம் இருவர் மட்டுமே அறிந்த ஏற்பாடு அது.

முடிந்ததும், உங்கள் குரலையே பதிந்த கேசட்டைப் போட்டீர்கள். "இடது" என்றது இடக்கதவு. "வலது" என்றது வலக்கதவு. அடுத்து வந்த "நடு. சரியா இருக்குதுங்களா?" இரண்டிலும் ஒன்றாக ஒலித்து, முன்கண்ணாடியின் மத்தியில் ஓர் ஆள் நிற்பதுபோல் நின்றது. ஒரு பக்கத்துக் கம்பி மட்டும் தலைகீழானால் அந்த ஆள் அங்கே நிற்கமாட்டான், எங்கே போவான் என்றும் சொல்ல முடியாது என்றீர்கள்.

அதன் பிறகு சில மாதங்களில், உங்களிடம் கார் ஓட்டப் பழகிய செல்வி இடக்கதவைக் கேட்டில் உரசிவிட்டார். மனைவியை ஒரு சொல்லும் சொல்லாமல் வண்டியை டிங்கர் பட்டறையில் விட்டுவந்தீர்கள். அந்த வாரமே மாரடைப்பு; இரண்டே நாள் மருத்துவமனை. கதவு நேராகிக் கார் வீடு திரும்பியபோது நீங்கள் இல்லை.

காரியங்கள் முடிந்த சில நாட்களில் செல்வி என் அலுவலகத்துக்கு வந்தார். காரை விற்கக் காகிதம் எழுதித் தரச் சொன்னார். எனக்கு வியப்பாக இருந்தது. பிறந்த ஊரான கொள்ளேகாலுக்கே வந்துவிடு என்று அழைத்த அண்ணன்மாரிடம், நானே வண்டியோட்டிப் பள்ளிக்கூட வேலைக்குப் போவேன், மைசூரிலேயே இருப்பேன் என்று உறுதியாகச் சொன்னவர் அவர்.

"சாவியத் திருப்புனா அவரு பேசறாருங்கண்ணா."

"கேசட் உள்ளேயே இருந்திருக்கும்."

"அது தெரியாதுங்களா எனக்கு? முன்னாடி இருந்து பேசுனாக் கேசட்டுன்னு உட்டுருவேன். பொறத்தால இருந்தில்ல கேக்கறாரு."

மறுநாள் உச்சிவெயிலில் காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடதும் வலதும் ஒழுங்காகவே வந்தன. பிறகு, என் பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில், "நடு. சரியா இருக்குதுங்களா?" என்றீர்கள். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். வெற்று இருக்கை. பின்னால் ஸ்பீக்கர் பொருத்தவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"கேட்டுச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார் செல்வி.

இடக்கதவின் உள் அட்டையைக் கழற்றினேன். கதவை நேராக்கக் கழற்றிய ஸ்பீக்கரைத் திரும்பப் பொருத்தியபோது பட்டறைக்காரர் ஊர் வழக்கப்படி, கோடு போட்ட கம்பியை மைனஸில் மாட்டியிருந்தார், அவர்மேல் குற்றமில்லை. மாற்றி மாட்டினேன். குரல் முன்கண்ணாடியின் மத்தியில் வந்து நின்றது. காரணத்தை வரிசையாக விளக்கி, இனி அஞ்ச வேண்டியதில்லை என்று முடித்தேன்.

செல்வி மூன்று முறை கேசட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டார். பின்னிருக்கையைப் பார்த்தார்.

"இப்ப எங்கண்ணா போயிட்டாரு?"

"எங்கேயும் போகலை. குரல்தானே அது, செல்வி."

"முன்னாடி நிக்கறது கேசட்டுங்க. பழையபடியே மாட்டிருங்கண்ணா. நான் வண்டிய விக்கல."

பிழையென்று தெரிந்தே ஒரு பிழையை நான் நிலைநிறுத்தியது அந்த ஒருமுறைதான். கம்பிகளை மறுபடி தலைகீழாக்கி அட்டையை மூடினேன். தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்த காகிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் பக்கத்தில் உட்கார, அவரே வண்டியை எடுத்தார். கேட்டருகே நிறுத்தி உள்கண்ணாடியைச் சரிசெய்தார். சாலை தெரிந்த பின்னும் இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். இப்போது அதில் பின்னிருக்கைதான் தெரிந்திருக்கும். அதைப் பார்த்ததும் அவர் தோள்கள் தளர்ந்தன. யாருக்கோ சரி என்பதுபோல் மெல்லத் தலையசைத்துவிட்டு வண்டியை நகர்த்தினார். அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் அதைத் தனியாகத்தான் ஓட்டினார். ஒருநாளும் அஞ்சியதாகச் சொன்னதில்லை.

எந்தக் கம்பி எதில் இருக்கிறது என்பதை என் கையாலேயே முடிவு செய்தவன் நான். ஆயினும் அன்று இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பார்த்திருந்தால் வெற்று இருக்கைதான் இருந்திருக்கும் என்று சத்தியம் செய்து சொல்ல இன்றும் என்னால் இயலவில்லை.