வெடிக்குப் பயப்படாத பிள்ளை

செந்துறை பக்கத்திலிருந்து உன் அப்பன் ராசாங்கம் மகன் ரஞ்சித்குமாருக்கு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் பெண்டாட்டி கலையரசியும் சுகம். நீ மஸ்கட்டில் ஏசி ரூமில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஊருக்கே புத்தி சொல்வதால் சுகமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் எனக்கும் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவாய் என்றுதான் லீவு முடிந்து அங்கே திரும்பும் நம்மூர் செந்தில்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாலாங்கிளாஸ் கையெழுத்து, எழுத்துக்கூட்டிப் படி.

பிள்ளை முத்தமிழுக்குக் காது கேட்கவில்லை என்று கலையரசி சொன்னதும் போனிலேயே அழுதாயாம். அதற்கு முன்னால் அவள் பட்டதை அவள் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் நம் வீட்டு அடுப்படியில் தட்டு உருளும், நாய் கட்டிலுக்கடியில் போய்விடும், உன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். பிள்ளை மட்டும் அசையாமல் படுத்திருப்பான். வம்சத்துக்கே ஒரு வீரன் பிறந்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தோம், உன் பெரியம்மா திருஷ்டிகூடச் சுற்றிப் போட்டாள். தீபாவளிக்குப் பீரோ பின்னால் ஒளிகிறவன் நீ, உனக்கு எப்படி வீரன் பிறப்பான் என்று எங்களில் ஒருத்தருக்காவது தோன்றியதா. பெற்றவளுக்குத் தோன்றியது. அரியலூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஆம்பளப் புள்ள எல்லாம் மெதுவாத்தான் பண்ணும் என்று சொல்லி டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். உன்னிடம் சொன்னாள். டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா என்று கேட்டாய் நீ, பெரிய படிப்பாளி.

இரண்டாந்தடவை அதே டாக்டரிடம் நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரி. அந்த மகராசன் பிள்ளை முகத்தைவிடத் தன் போனைத்தான் அதிகம் பார்த்தார். முகத்துக்கு நேரே ரெண்டு கையையும் நீட்டி ஒரு தட்டுத் தட்டினார், கையைப் பார்த்துப் பிள்ளை சிரித்தது, பாருங்க நல்லாக் கேக்குது என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் பரிசோதனை. சந்தையில் மாடு வாங்குகிறவன்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். கலையரசி எழுந்திருக்கவில்லை. பின்னாடி நின்னு தட்டுங்க சார் என்றாள். யூடியூப்பப் பாத்துட்டு வந்து எங்க உயிர எடுக்குறீங்க என்றார். வாசலில் நின்ற கூட்டம் முணுமுணுத்தது, நானும் வாம்மா போவோம் என்று வாயெடுத்தேன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். உட்கார்ந்தபடியே சொன்னாள், டெஸ்டுக்கு எழுதிக் குடுங்க சார், காது நல்லாருக்குன்னு வந்தா உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேக்குறேன், இல்லன்னு வந்தா நீங்க எம்புள்ளகிட்ட என்ன கேப்பீங்க என்று. ஆளை அனுப்பினால் போதும் என்று மனிதர் திருச்சிக்குச் சீட்டுக் கிறுக்கிக் கொடுத்தார்.

திருச்சியில் பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். ரெண்டு காதும் கேட்கவில்லை என்று வந்தது. ஆனால் அங்கிருந்த டாக்டரம்மா, கைப்புள்ளயிலயே கொண்டு வந்துட்டீங்க, இப்ப மிஷின் மாட்டி அப்புறம் ஆபரேஷனும் பண்ணுனா பேச்சு வந்துடும், பள்ளிக்கூடம் போற வயசுல வர்ற புள்ளைங்களுக்குத்தான் செரமம் என்றார். அதுவரை கலங்காமல் நின்றவள் பஸ் லால்குடி தாண்டியதும் அழுதாள். அந்த நேரம் பார்த்து உன் போன், யார் பேச்சக் கேட்டு அங்க போன என்று. யார் பேச்சையும் கேட்காமல் போனதால்தான் உன் மகன் பேசப்போகிறான், மடையா.

ஆபரேஷனுக்கு லீவு கேட்டு வை. வந்து மாப்பிள்ளை மாதிரி உட்காராதே. காதில் மிஷின் மாட்டினால் பிள்ளை பிடுங்கி எறியுமாம், எறிய எறிய மாட்டிவிடுவது உன் வேலை. டாக்டரிடம் வாயைத் திறக்காதே, அதற்கு அவள் இருக்கிறாள். கல்லங்குறிச்சிப் பெருமாள் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும், புத்தியை நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வீடியோவில் கூப்பிடும்போது ரூமில் லைட்டைப் போடு. இருட்டில் உட்கார்ந்து தங்கமே தங்கமே என்று கத்துகிறாய். முகம் தெரிந்தால்தான் அப்பன் கூப்பிடுகிறான் என்று அவனுக்குத் தெரியும்.

உன் அப்பா
செ. ராசாங்கம்