ஈரத்துணிக்கு அடியில் ஒரு ‘ம்’

தினேசுக்கு வேலை கிடைத்துவிட்டது. பொம்மசந்திரா பக்கம், வண்டிப் பாகம் செய்கிற கம்பெனி. டிப்ளமா முடித்த கையோடு எடுத்துக்கொண்டார்கள். அவன் தங்கை நிவேதா நர்சிங் மூன்றாம் வருடம், வகுப்பில் முதலாவதாக வருகிறாள். கன்னடக்காரரிடம் கன்னடத்திலும் தெலுங்குக்காரரிடம் தெலுங்கிலும் ஊசி வலிக்காது என்று பொய் சொல்லத் தெரிந்துகொண்டாளாம். அவர்களைப் பெற்ற நம் சுமதி இந்த வருடம் தலைமை ஆசிரியை ஆகிவிட்டாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. ஆனாலும் உங்களுக்கும் எனக்கும் அவள் சின்னவள்தானே, அதனால் பிள்ளைகள் கணக்கில் அவளையும் சேர்த்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நடுநடுவே நீங்கள் ‘ம்’ போட்டிருந்தால் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருப்பேன். இப்போது எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

கொடியில் அந்த வெள்ளைத் துண்டு காய்கிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, தினேசு வண்டியில் மத்திகிரிக்கு வந்தான். தாடையெல்லாம் சிவந்து, கழுத்தில் பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. திங்கட்கிழமை கம்பெனி அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கிறார்களாம். அதற்காக முந்தின நாளே சவரம் செய்திருக்கிறான். முகத்தில் தண்ணீர்கூடப் போடாமல், புது பிளேடை அழுத்தி, எதிர்ப்பக்கமாக இழுத்திருக்கிறான். அதோடு விட்டானா, மேலே வாசனை லோஷனும் பூசியிருக்கிறான்.

“எரியுது ஆயா,” என்றான். நான் சிரித்துவிட்டேன். உங்கள் ரத்தம் எங்கே போகும்?

கல்யாணமான புதிதில் உங்கள் முகம் அப்படித்தான் இருந்தது. பெயிண்ட் செக்‌ஷனில் வேலை. முகமூடி தோலோடு ஒட்டி உட்கார வேண்டும், நடுவில் முடி இருந்தால் புகை உள்ளே போகும் என்று தினமும் சவரம் செய்யச் சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் ஓர் அட்டையின் ஓரத்தைக் கன்னத்தில் இழுத்துப் பார்ப்பார். கரகரவென்று சத்தம் கேட்டால் அன்றைக்கு உள்ளே விடமாட்டார். கம்பெனி பஸ் விடியுமுன் வந்துவிடும். நீங்கள் பொதுக்குழாயடியில் நின்று அவசர அவசரமாக, பழைய பிளேடால் வறட்டு வறட்டென்று இழுத்துக்கொண்டு ஓடுவீர்கள். எரிகிறது என்று படிகாரக் கல்லை வேறு அழுத்தித் தேய்ப்பீர்கள். சாயங்காலம் திரும்பும்போது தாடை பச்சைப்புண்ணாக இருக்கும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் முடிவெட்டுகிறவர்தான் வழி சொன்னார். கல்லையும் லோஷனையும் தூக்கிப் போடு, வெந்நீரில் குளித்த பிறகு முடி போகிற பக்கமாகவே லேசாக வழி, உடனே பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் முகத்தில் போட்டு வை என்றார். நாம் சவரத்தையே சாயங்காலத்துக்கு மாற்றினோம். ராத்திரியெல்லாம் தோல் ஆறும். உங்களுக்கு முடி மெதுவாக வளரும் என்பதால் காலையில் அட்டைக்குச் சத்தம் கேட்காது. பத்து நாளில் பொரி அடங்கியது.

நீங்கள் வாயே திறக்காத மனிதர். சாப்பிடுவீர்கள், படுப்பீர்கள். உங்கள் கண்ணைப் பார்த்தால் நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். துணி போட்ட அந்தக் கால் மணி நேரம்தான் நீங்கள் எங்கேயும் போக முடியாது. முகத்தை மூடியதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. அரிசி தீர்ந்தது, பக்கத்து வீட்டுக் கன்னடத்தம்மா கோபித்துக்கொண்டது, சுமதி கணக்கில் நூறு வாங்கியது. துணிக்கு அடியிலிருந்து ‘ம்’ வரும். துணி சூடானால் எடுத்து நனைத்துப் போடுவேன், பேச்சு இன்னும் கொஞ்சம் நீளும். முகம் ஆறிய பிறகும் அந்தப் பழக்கத்தை நாம் விடவில்லை. கேட்கிறீர்களா, தூங்குகிறீர்களா என்று மட்டும் எனக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்திருக்கும், அந்த வருடம் மட்டும் இல்லாவிட்டால்.

சுமதி பன்னிரண்டாவது முடித்த வருடம். குருபரப்பள்ளியிலிருந்து உங்கள் அக்கா அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். நீங்கள் சரி என்று தலையாட்டிவிட்டீர்கள். சுமதி அடுப்படியில் என் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதாள், சத்தம் வராமல். அன்றைக்குத் துணி போட்டதும் சொன்னேன்.

“என்னை அஞ்சாவதோட நிறுத்துனப்போ எங்கம்மா ஒரு வார்த்தை எதுத்துக் கேக்கல. நான் கேக்கறேன். சுமதி படிக்கட்டும்.”

‘ம்’ வரவில்லை. துணி சூடாகிக்கொண்டே இருந்தது, எடுத்து நனைக்க எனக்குக் கை வரவில்லை. கடைசியில் நீங்களே எடுத்து, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டீர்கள். மூன்று நாள் சாயங்காலம் துணி நனையவே இல்லை. சவரமும் குழாயடியில், பழையபடி விடியுமுன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தனியாகப் பஸ் ஏறிக் குருபரப்பள்ளிக்குப் போனீர்கள். பொழுது சாயத் திரும்பி வந்தீர்கள். அக்கா வீட்டில் என்ன பேச்சு வாங்கினீர்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. போகிற அவசரத்தில் வறட்டுச் சவரம் செய்திருந்ததால் தாடை முழுக்கச் சிவப்பு. துண்டை நீங்களே எடுத்து நனைத்து என் கையில் கொடுத்தீர்கள். நாற்காலியில் சாய்ந்தீர்கள்.

“வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். துணியைப் போடு. பேசு.”

அன்றைக்குத் துணியை எத்தனை முறை நனைத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

நீங்கள் போன பிறகு படம் மாட்ட ஒரு நல்ல போட்டோ இல்லை. நமக்குக் கல்யாணப் படமே கிடையாது. சுமதி கல்யாணத்தில் பந்தியைக் கவனிக்கிறேன் என்று போய்விட்டீர்கள், ஆல்பத்தில் ஒரு தோள்தான் விழுந்திருக்கிறது. ஆதாரில் இருப்பது நீங்கள் என்று நான் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் கம்பெனி அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைத்தான் ஓசூர் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். அதில் தாடையில் அந்தச் சிவப்பு இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் யாரையும் கேட்காமல் அதை அழித்து, முகத்தை வெளுப்பாக்கி, நீங்கள் வாழ்நாளில் போடாத கோட்டு ஒன்றையும் மாட்டிவிட்டார். அந்த அட்டையும், உங்கள் வேலைக் கணக்கை முடிக்கவென்று, கம்பெனிக்கே திரும்பிப் போய்விட்டது. எல்லாரும் எவ்வளவு லட்சணம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

சுவரில் இருக்கிற அந்த மனிதரிடம் எனக்குப் பேச்சு வருவதில்லை. மேனேஜர் முன்னால் நிற்கிற மாதிரி கூச்சமாக இருக்கிறது. தினேசுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்லலாம் என்று இரண்டு முறை எதிரே போய் நின்றேன். விளக்கை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று தினேசின் லோஷனைப் பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு, உங்கள் நாற்காலியில் உட்காரவைத்துத் துணி போட்டேன். சிவப்பு போகிறவரை பிளேடைத் தொடாதே என்றேன். பிறகு கை பழக்கமா, வாய் பழக்கமா தெரியவில்லை, நிவேதா மார்க்கு, தண்ணீர் வராதது என்று என் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டேன். துணிக்கு அடியிலிருந்து ‘ம்’ வந்தது.



“ஏன் ஆயா நிறுத்திட்ட? சொல்லு.”

துணி காய்ந்துவிட்டது, எடுத்துவிடு என்றேன். காயவில்லை. அவன் தாடையைப் போனில் பார்த்துக்கொண்டு, “போட்டோவுல இந்தச் சிவப்ப அழிச்சிடலாம், விடு” என்றான்.

“அழிக்காதடா,” என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. என்ன ஆயா என்று விழித்தான். ஒன்றுமில்லை என்று தோசை ஊற்றப் போனேன். பொழுதோடு கிளம்பிவிட்டான். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை கேட்டது.

துண்டைச் சோப்புப் போட்டுத் துவைக்கவில்லை. சும்மா அலசித்தான் போட்டிருக்கிறேன். சாயங்காலமானால் கை தானாகக் கொடியைத் தேடுகிறது. நனைக்க ஒரு முகம் இல்லை. சொல்ல வேண்டியது மட்டும் தினமும் சேர்ந்துகொண்டே போகிறது.

உங்களுக்கு அங்கே தபால் வசதி இருக்கிறதோ இல்லையோ. இருந்தால் ஒரு புதுப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். கோட்டு வேண்டாம். சவரம் செய்து முடித்த உடனே, தாடைச் சிவப்போடு எடுத்தது போதும்.