அணையாமல் கொண்டா

3 ஜூன்

அண்ணனுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல.

மகள் ஒரு மாதமாக இருமுகிறாள். பதினாலு வயதுப் பெண், இரண்டு மாடி ஏறுவதற்குள் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டர் முதலில் கேட்டது, "வீட்ல யாரு சிகரெட் பிடிக்கிறாங்க?" மனைவி என்னைப் பார்த்தாள். நான் விட்டு ஏழு வருடம் ஆயிற்று என்று தெரிந்தும் பார்த்தாள்.

அந்தப் பார்வை உனக்குச் சேரவேண்டியது. எட்டு வயதில் என் கையில் சிகரெட்டைக் கொடுத்து, "அடுப்புல பத்த வெச்சு அணையாம கொண்டா" என்பாய். அணையாமலிருக்க வழியில் ஓர் இழுப்பு இழுப்பேன். உன் நண்பர்கள் சிரிப்பார்கள். அன்று அது தண்ணீர் கொண்டுவருவதைப் போல ஒரு வீட்டு வேலை. இன்று என் அலுவலகத்தில் புகைப்பவன் கேட்டுக்கு வெளியே ஒளிந்து நிற்கிறான். அப்போது நான் ஊதியதெல்லாம் இப்போது அவள் நெஞ்சில் இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி

9 ஜூன்

தம்பிக்கு,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. கட்டிலிலிருந்து வாசலுக்குப் போகவே ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறேன். திட்ட மிச்சமிருந்தால் பிறகு திட்டு.

முதலில் குழந்தையின் பையைப் பார். இப்போது நெருப்பும் வேண்டாம், நாற்றமும் இல்லை. விரல் நீளத்தில் பழவாசனையோடு மின்சிகரெட் என்று ஒன்று விற்கிறான். சார்ஜ் போட்டு இழுக்கிறார்கள். கிடைத்தால் கை ஓங்காதே. நீ படித்தவன்தான், ஆனால் முன்கோபி.

அண்ணன்

14 ஜூன்

அன்புள்ள அண்ணா,

பையில் இல்லை. என் மேஜையில் இருந்தது.

"பாடத்தை ரெக்கார்ட் பண்றதுப்பா, சார்ஜ் போட்டு வைங்க" என்று தினமும் மாலையில் தருவாள். நானே என் கணினியில் செருகுவேன். பச்சை விளக்கு வந்ததும் துடைத்து வைத்து, காலையில் பள்ளிக்கோ டியூஷனுக்கோ கிளம்பும்போது கையில் கொடுப்பேன். நாலு மாதம். பழவாசனை அவள் அழிரப்பருடையது என்று நினைத்தேன். படிக்கிறாளே என்று பெருமை வேறு.

கை ஓங்கவில்லை. கேட்டேன். "இன்னைக்காவது கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெனமும் பாத்தேன்பா. என்னால விட முடியல" என்றாள்.

திங்கட்கிழமை நெஞ்சை ஸ்கேன் எடுக்கிறார்கள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "பெரியப்பா வருவாரா?" என்றாள்.

வா அண்ணா. எனக்குத் தனியாக அந்த அறைக்கு வெளியே நிற்க முடியாது. எங்கள் வீட்டில் லிஃப்ட் கிடையாது. சிலிண்டரை நான் தூக்கி வருகிறேன். அணையாமல் கொண்டுவருவது நீ எனக்குப் பழக்கிய வேலைதானே.

உன் தம்பி