கடைசிப் பக்கத்தின் மேல் என் கை

மல்வேர்ன், ரொறன்ரோ
19 ஐப்பசி 1997

அன்புள்ள மகன் றொய்சனுக்கு,

மடு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அப்பா எழுதுகிறேன். ஓம், நானேதான் எழுதுகிறேன்! கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் அன்ரனெற் ரீச்சர் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத வாசிக்கச் சொல்லித் தருகிறார். வலை இழுத்த விரல்கள் பேனையை நசுக்கிப் பிடிக்கின்றன. ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் தமிழ்க் கடைப் பலகைகளை எல்லாம் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டு நடக்கிறேன். அம்மாவுக்கு வெட்கம்.

அம்மா சுகம். குளிருக்கு முழங்கால்தான் முறையிடுகிறது. அக்கா கிளடிஸ் தொழிற்சாலை வேலைக்குப் போய் வருகிறாள்.

ரீச்சர் ஒரு புத்தகம் தந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரு கப்பல்காரனின் கதை. இளவயதில் அடுத்தவனின் கப்பலைத் திருடிக்கொண்டு ஓடினான். பிறகு ஒரு ராசாவின் படையில் சண்டை பிடித்தான். அதற்குப் பிறகு இரண்டு ராசாக்களுக்கு நடுவில் தூது போனான். பின்னேரங்களில் குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அம்மா, "உவன் எங்கட றொய்சன் மாதிரியெல்லோ" என்றார். நீ சித்தப்பாவின் வள்ளத்தைச் சொல்லாமல் எடுத்துப்போய் இயக்கத்தில் சேர்ந்ததையும், போன வருடம் காயப்பட்டவர்களை மீட்க வெள்ளைக்கொடியோடு ஆமியிடம் பேசப் போனதையும் நினைத்துத்தான். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

கார்த்திகை பிறந்தால் இறந்தவர்களின் திருநாள். பெயர்களைக் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தால் பங்குச் சுவாமி பூசையில் வாசிப்பார். கிளடிஸ் ஒரு துண்டை என் முன்னால் வைத்து, "தம்பிக்கு ஒரு பூசையாவது கிடைக்கட்டும் அப்பா. இப்ப உங்களுக்கு எழுதத் தெரியுந்தானே, நீங்களே எழுதுங்கோ" என்று அழுதாள். அம்மா மட்டும், "கப்பல்காரன்ர கதை முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார்.

அதனால் மெல்ல மெல்ல வாசித்தேன். தெரிந்த சொல்லையும் தெரியாதது போல எழுத்துக் கூட்டினேன். நேற்றுக் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. அதில் உள்ளதை உனக்கு எழுத மாட்டேன். அம்மாவுக்கு வேறு விதமாக வாசித்தேன். ராசாக்கள் மன்னித்து விட்டார்கள், அவன் ஊருக்கு வந்து படலையைத் திறந்தான், மீன் வெட்டிக்கொண்டிருந்த தாய் கத்தியோடு எழும்பி ஓடிவந்தாள் என்று வாசித்தேன். பக்கத்தின் அடியில் ஒரு கல்லறையின் படம் இருந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லா வாசிக்கிறியள்" என்றார். பெயர் எழுதாத துண்டை எடுத்துத் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

மகனே, அடுத்த கார்த்திகைக்கும் ஒரு துண்டு வரும். அப்போது வாசித்துக் காட்ட என்னிடம் கதை இல்லை. இதை மடுவில் இருக்கும் சுவாமிக்கு அனுப்புகிறேன், எப்படியும் உன்னிடம் சேர்ப்பார். ஒரு வரி எழுது. முந்தி உன் கடிதங்களை அடுத்த வீட்டாரிடம் கொடுத்துத்தான் வாசிப்பிப்போம். அந்தக் கூச்சத்தில் நீ எழுதாமல் விட்டவை எத்தனையோ. இனி அது வேண்டாம். எதுவென்றாலும் எழுது. நானே வாசிப்பேன், அம்மாவுக்கும் உள்ளது உள்ளபடியே வாசித்துக் காட்டுவேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடும்
அப்பா,
யேசுரட்ணம்