பால்கனியில் பேசாதே

சூர்யா,

ஆறரைக்கு உனக்கு ஆன்லைன் கவுன்சிலிங். இன்று பால்கனியில் நின்று பேசாதே. புனேயில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்று சத்தமாகப் பேசுகிறாய். அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் எஸ்தர் அக்காவின் சொந்த ஊர் வேலூர்.

சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. அக்கா உன்னை முழுதாகப் புரிந்துகொண்டுவிட்டார். நம் சண்டையில் நியாயம் உன் பக்கமாம். உனக்கென்று மீன் குழம்பு கொடுத்துவிட்டுப் போனார். சூடாக்கிச் சாப்பிடு.

டியூஷன் முடிந்து ஒன்பதுக்கு வருவேன். உள்ளே தாழ் போடாதே, என்னிடம் சாவி இருக்கிறது.

கீர்த்தி

பி.கு.: கிளம்பும்போது அக்கா கேட்டார், "அவங்கப்பா செத்ததுக்கு அவர் அழவே இல்லைன்னு சொன்னியேம்மா. போன வாரம் அந்த டாக்டர்கிட்ட அப்படி அழுதாரே. உன்கிட்ட அழ மாட்டாரா?"