குகனின் பழைய ஹைட்சுங்

வெள்ளி, நவம்பர் 14

பக்கத்து வீட்டில் இருக்கும் என் மனைவியின் தம்பி குகன், வீட்டைச் சூடாக்க எண்ணெயில் ஓடும் பழைய ஹைட்சுங்கைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தில் ஓடும் வெப்பப் பம்பி பூட்டப்போகிறான். அதற்கு அரசாங்கம் உதவிப்பணம் தருகிறது. ஆனால் அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை அனுப்ப முன்பே வேலையைத் தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது. இது எனக்குத் தெரியும். இங்குள்ள தமிழர்களின் ஜெர்மன் கடிதங்களை எழுதிக்கொடுப்பவன் நான்தான்.

பஞ்சாங்கப்படி இன்று நல்ல நாள், இன்றே கழற்றப்போவதாகப் போன கிழமை சொன்னான். நான் தலையாட்டினேன். அவனுடைய மகள் பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீட்டில் சபை நடுவே அவன் சொன்னதை நான் மறக்கவில்லை: "அத்தானுக்குக் கடுதாசி எழுதத்தான் தெரியும், உழைக்கத் தெரியாது."

காலையில் தேங்காய் உடைத்து, கூட்டாளிகளோடு பழையதைக் கழற்றி வெளியே வைத்தான். மாலையில் வந்தான்.

"அத்தான், இனி அந்த அன்ட்ராக்கை எழுதித் தாங்கோ."

"இனி ஏலாது. கழற்ற முதல் அனுப்பியிருக்க வேணும்."



"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

அவன் வீட்டில் குளிர். அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் எங்கள் கூடத்தில் படுத்திருக்கிறார்கள். நான் தெரிந்தும் சொல்லாமல் விட்டதை, தன் தமக்கையான என் மனைவியிடம் அவன் இன்னும் சொல்லவில்லை. சொல்லட்டும். அவளும் அன்று அந்தச் சபையில் சிரித்தவள்தான்.