அந்தியேட்டியன்று எடுத்த இரத்தம்

என்னை மன்னித்தே பழகிய என் பெரியக்காவுக்கு,

வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு செய்தியோடு தொடங்குகிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த நினைவு மலரின் அட்டை நீலமாக இருக்க வேண்டும் என்று குடும்பம் தீர்மானித்தது. விவாதம் மூன்று மாலைகள் நீடித்தது. சின்னக்கா கனடாவிலிருந்து தொலைபேசியில் வாக்களித்தார். மஞ்சள் கேட்ட சித்தப்பா தோல்வியை ஏற்றுக்கொண்டார். ஆனால் அச்சகக்காரரோடு அவர் இன்னும் கதைப்பதில்லை.

உள்ளே என்ன எழுதுவது என்பதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. அதை என் தலையில் கட்டினார்கள். டெங்குக்கு மருந்து கண்டுபிடித்தவர் என்று எழுதச் சொன்னார் சித்தப்பா. நீங்கள் கண்டுபிடிக்கவில்லையே.

நான் இப்படி எழுதினேன். டெங்கு வைரசில் நான்கு வகை. ஒரு வகை வந்து சுகமானவருக்குப் பிறகு வேறொரு வகை வந்தால், சிலவேளை நோய் முன்னையதை விடக் கடுமையாகிறது. முதல் தடவை நோயை எதிர்க்க உடம்பு செய்துவைத்த பிறபொருளெதிரிகள் புதிய வைரசைத் தடுப்பதற்குப் பதிலாக, கையைப் பிடித்து உடற்கலத்துக்குள் கூட்டிக்கொண்டு போகின்றன. யாருக்கு அப்படி நடக்கிறது, யாருக்கு நடப்பதில்லை, ஏன்? இதைக் கேட்பதிலேயே உங்கள் வாழ்க்கை போனது. முதலில் வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் கேட்டீர்கள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு வந்து எங்கள் ஊர் சரவணையில் கேட்டீர்கள்.

சித்தப்பா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உதை வாசிச்சா, பிள்ளை ஒண்டும் செய்யேல்லை எண்டெல்லோ சனம் நினைக்கும்?”

இதற்கிடையில் உங்கள் மாணவி வினோதா வந்தாள். மழை முடிந்து ஒவ்வொரு தை மாதமும் அதே வீடுகளில் நீங்கள் இரத்தம் எடுப்பீர்கள் அல்லவா? இந்தத் தையும் எடுக்காவிட்டால் தொடர் அறுந்துவிடும், இத்தனை வருட வேலையும் பாதியில் நிற்கும் என்றாள். வீடு வீடாகப் போயிருக்கிறாள். எல்லோரும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். “அக்காவே இல்லை, பிறகு ஏன் பிள்ளை?” என்று கேட்டார்களாம். ஊர் இவ்வளவு காலமும் விஞ்ஞானத்துக்கு இரத்தம் கொடுக்கவில்லை, உங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. இது உங்களுக்குத் தெரியுமா?

அந்தச் சனம் முழுவதும் முப்பத்தோராம் நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும். அன்றைக்கே எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

“அந்தியேட்டிக்கு வந்த சனத்துக்கு ஊசி குத்துறதோ? விசரே உனக்கு?” என்றார் சித்தப்பா.

மாமி மட்டும் வெகுநேரம் யோசித்தார். “சாப்பிட முந்தியோ, சாப்பிட்ட பிறகோ?” என்று கேட்டார். அத்தோடு விடயம் முடிவாகிவிட்டது.

சாப்பாடு முடிந்தது. வினோதா விறாந்தையில் மேசை போட்டுக் குழாய்களை அடுக்கினாள். ஒருவரும் கிட்டப் போகவில்லை. வெற்றிலைத் தட்டை அவ்வளவு உன்னிப்பாக ஆராய்ந்த கூட்டத்தை நான் கண்டதில்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இரத்தம் எடுக்கும் நாளில் எனக்கு வருடம் தவறாமல் பட்டணத்தில் அவசர வேலை வந்துவிடும். நீங்கள் ஒருநாளும் ஏனென்று கேட்டதில்லை. கேட்டிருக்கலாமே, அக்கா?

பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணை கேட்டார். “என்ன தம்பி, இண்டைக்கு அலுவல் ஒண்டும் இல்லையோ?”

போய்க் கதிரையில் இருந்தேன். ஊசி ஏறும்போது உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதத்தான் விருப்பம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது எனக்குப் பின்னால் கந்தையா அண்ணை சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை முற்றம் வரை போயிருந்தது. எந்த நரம்பு நல்லது என்று வினோதாவுக்குச் சித்தப்பா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

முந்திய வருடங்களில் என்னிடம் எடுத்த மாதிரி எதுவும் இல்லாததால் என் இரத்தத்தால் இந்த வருடம் பயனில்லை என்று வினோதா பிறகு மரியாதையாகச் சொன்னாள். ஒப்பிட அடுத்த தையிலும் வேண்டுமாம். அடுத்த தையிலும், அதற்கடுத்த தையிலும் நான் ஊரில் இருப்பேன், அக்கா. இது எழுத்தில் தரும் வாக்கு.

அன்று குழாய்கள் போதவில்லை. மிஞ்சியவர்கள் மறுநாள் காலை வாடகை வான் பிடித்துப் பட்டணத்தில் இருக்கும் உங்கள் ஆய்வுகூடத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

உங்கள் கடைசித் தம்பி,
சரவணை.